யேல்: மெட்ராஸ் கவர்னரின் பெயர் அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்னும் இருக்கலாமா?

கடற்கரைச்சாலை:

என் அக்கா மகளுக்கு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டு வாட்ஸப் குழுவில் மூன்று நாளாகக் கொண்டாட்டம். எனக்கும் மனம் நிறைந்த சந்தோஷம். நடுவில் சித்தப்பா ஒருவர் யாரோ அனுப்பிய செய்தியைப் பகிர்ந்தார்: "யேல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் நம் மெட்ராஸ் கவர்னர் எலிகு யேல். நம் ஊர்ப் பணத்தில் எழுந்தது அது. தமிழனாகப் பெருமை கொள்வோம்." அதற்கு வரிசையாகக் கைதட்டல்.

என்னால் கைதட்ட முடியவில்லை.

எலிகு யேல் 1672-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக, வருடத்துக்குப் பத்து பவுண்டு சம்பளத்தில் இங்கே வந்து இறங்கினார். 1687-ல் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னரானார். 1692-ல் கம்பெனியே அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. பதவியைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்று புகார்கள் குவிந்திருந்தன. 1699-ல் அவர் லண்டனுக்குக் கப்பலேறியபோது கையில் வைரங்களும் பெரும் செல்வமும் இருந்தன.

இதைக்கூட அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்களின் பொது வழக்கம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது இன்னொன்று. 1680-களில் இந்தக் கரையில் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றவர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகள் போக வேண்டும் என்று கோட்டைக் கவுன்சில் முடிவெடுத்த கூட்டத்தில் யேல் இருந்தார். 1687-ல் ஒரே மாதத்தில் 665 பேருக்குக் குறையாமல் இங்கிருந்து அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் படகேறிய கரை, இன்று நாம் பட்டாணி சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கும் கடற்கரைக்கு ஒரு பஸ் தூரம்.

அந்த மனிதரின் பெயர் ஒரு கல்விக்கூடத்தின் வாசலில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. எடுக்க வேண்டும். நாமாவது பெருமைப்படுவதை நிறுத்த வேண்டும். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

நூலகப்பூனை:

சித்தப்பாவின் செய்தி தவறு என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். பெயரை எடுக்க வேண்டும் என்பதில் உடன்படவில்லை. முதலில் அந்தப் பள்ளி எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். இரண்டும் கலந்து கிடக்கிறது.

எலிகு யேல் அதை நிறுவவே இல்லை. 1701 அக்டோபரில் கனெக்டிகட் காலனியின் சட்டமன்றம் ஒரு பள்ளிக்கு அனுமதி கொடுத்தது. அப்போது அதன் பெயர் வெறும் 'கல்லூரிப் பள்ளி'. பத்து சபைப் போதகர்கள் பொறுப்பேற்றார்கள். பிரான்ஃபோர்டு என்ற ஊரில் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் புத்தகங்களை மேசை மேல் வைத்து, இந்தக் காலனியில் ஒரு கல்லூரி தொடங்க இவற்றைத் தருகிறோம் என்று சொன்னதாகத்தான் அங்கே பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. முதல் தலைவர் ஆபிரகாம் பியர்சன் தன் ஊரிலேயே பாடம் நடத்தினார். 1702-ல் சேர்ந்த முதல் மாணவர் ஜேக்கப் ஹெமிங்வே. சில மாதங்களுக்கு அவர் ஒருவர்தான் மொத்தப் பள்ளியும்.

அப்புறம் பள்ளி சேபுரூக் என்ற ஊருக்குப் போனது. 1716-ல், இன்று யேல் இருக்கும் நியூ ஹேவனுக்கு மாற்ற முடிவு செய்தார்கள். சேபுரூக்காரர்கள் விடவில்லை. 1718-ல் புத்தகங்களை எடுக்க வண்டிகள் வந்தபோது வண்டியை உடைத்து, பாலங்களைப் பெயர்த்துத் தடுத்தார்கள். அந்தக் கலாட்டாவில் ஏறத்தாழ 250 புத்தகங்கள் காணாமல் போயின. ஒரு ஊர் தன் நூலகத்துக்காக இப்படிச் சண்டை போட்டது எனக்கு எப்போது படித்தாலும் நெஞ்சைத் தொடும்.

அந்தச் சமயத்தில் நியூ ஹேவனில் கட்டிய கட்டடத்துக்குப் பணம் போதவில்லை. பாஸ்டனில் இருந்த காட்டன் மேத்தர் என்ற போதகர் லண்டனில் பணக்காரராக வாழ்ந்த யேலுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கல்லூரி உங்கள் பெயரைத் தாங்கினால் அது எகிப்தியப் பிரமிடைவிட நல்ல நினைவுச் சின்னமாக இருக்கும் என்பது கடிதத்தின் சாரம். யேல் ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஆகியவற்றை அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கட்டடத்துக்கு யேல் கல்லூரி என்று பெயர் வைத்தார்கள். 1745-ல் சட்டபூர்வமாக மொத்த நிறுவனத்துக்கும் அதுவே பெயரானது.

ஆக, அவர் நிறுவனர் இல்லை. நன்கொடை கொடுத்தவரும் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஜெரமையா டம்மர் என்ற காலனி முகவர் அதற்கு முன்பே லண்டனில் வீடு வீடாகக் கேட்டு 800-க்கு மேற்பட்ட புத்தகங்களைச் சேர்த்து அனுப்பியிருந்தார். ஐசக் நியூட்டன்கூடத் தன் நூல்களைக் கொடுத்தார்.

இனி என் வாதம். 300 வருடங்களில் அந்தப் பெயர் அந்த மனிதரை விட்டு விலகிப் போய்விட்டது. இன்று யேல் என்றால் யாருக்கும் எலிகு நினைவுக்கு வருவதில்லை. அமெரிக்காவில் முதல் முனைவர் பட்டங்களை 1861-ல் கொடுத்த இடம் அது. 1876-ல் எட்வர்டு பூஷே என்ற கறுப்பின மாணவர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றது அங்கேதான். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் முனைவர் பட்டம் அது. நம் அண்ணா 1968-ல் முதலமைச்சராக இருந்தபோது சப் (Chubb) ஃபெலோஷிப் என்ற கௌரவ அழைப்பைப் பெற்று அங்கே போய் மாணவர்களோடு தங்கிப் பேசினார். அந்தப் பெயர் இவர்களுடையது. எலிகுவிடமிருந்து அதை இவர்கள் எப்போதோ வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொன்று. 1688-ல் மெட்ராஸிலிருந்து அடிமைகளை அனுப்பக் கூடாது என்று தடை போட்டதும் அதே யேலின் கவுன்சில்தான். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

கடற்கரைச்சாலை:

சொல்ல வேண்டும்தான், ஐயா. ஆனால் பாதியோடு நிறுத்தக் கூடாது.

1687-ல் அவுரங்கசீப்பின் படை கோல்கொண்டாவைப் பிடித்தது. மெட்ராஸைச் சுற்றியிருந்த நாடு முகலாயர் கைக்கு வந்தது. தங்கள் குடிகளைக் கப்பலேற்றி விற்பதை அவர்கள் ஏற்கவில்லை. கோட்டைக்கு நெருக்கடி வந்தது. பஞ்சம் தணிந்து, மலிவாக ஆள் கிடைப்பதும் நின்றுபோனது. அந்தத் தடை இப்படி வந்ததே தவிர, கவுன்சில் மேசையில் யாருக்கும் மனசாட்சி விழித்து வந்ததல்ல. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சவுக்கால் அடித்து, சூடு போட்டு, கடல் கடந்து அடிமையாக அனுப்பச் சொல்லி யேலே தண்டனை கொடுத்த சம்பவங்களும் உண்டு.

சிலர் அவர் குதிரைக்காரனைத் தூக்கிலிட்டார் என்ற கதையைச் சொல்வார்கள். அது பிற்காலத்தில் ஒரு கப்பல் கேப்டன் எழுதி வைத்தது. அதை நான் என் வாதத்தில் சேர்க்க மாட்டேன். கோட்டையின் சொந்தப் பதிவேட்டில் இருப்பதே போதும்.

பெயர் அவரை விட்டு விலகிவிட்டது என்கிறீர்கள். பிரமிடைவிட நல்ல நினைவுச் சின்னம் என்று மேத்தர் எழுதியதை நீங்கள்தானே எடுத்துச் சொன்னீர்கள்? அவர் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. விலகியிருந்தால் என் சித்தப்பாவுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

பழைய ஜன்னல்:

அந்தக் காலத்து ஆட்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளப்பது நியாயமா? அன்று உலகம் முழுக்க அடிமை முறை இருந்தது. நம் ஊரிலும் இருந்தது. பண்ணையாள், அடிமை ஓலை எல்லாம் நமக்குத் தெரியாததா? முதலில் நம் வீட்டைப் பார்க்கலாம்.

வேம்படி:

நம் வீட்டையும் பார்க்க வேண்டும் என்பது சரி, அண்ணா. அடிமை ஓலைகளைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். ஆனால் 'அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை' என்பது உண்மையில்லை.

மெட்ராஸில் தடை வந்த அதே 1688-ல், பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்ற சிற்றூரில் நாலு பேர் கூடி, மனிதரை வாங்குவதும் விற்பதும் பாவம் என்று ஒரு எதிர்ப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். 1700-ல் பாஸ்டனில் சாமுவேல் சீவால் என்ற நீதிபதி அடிமை வியாபாரத்தை எதிர்த்து ஒரு சிறு நூலை அச்சிட்டார். அடுத்த வருடம் கனெக்டிகட் போதகர்கள் தங்கள் பள்ளிக்கு ஒரு சாசன வரைவு எழுதித் தரச் சொல்லி யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? இதே சீவாலிடமும் அவர் நண்பரிடமும். பள்ளிக்கு வரைவு எழுதிய கைதான் அந்த நூலையும் எழுதியது. எனவே அவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. கேட்டும் கேளாமல் இருந்தார்கள்.

இப்போது கடற்கரைச்சாலை அண்ணாவோடும் நான் முரண்படப் போகிறேன். பெயரை எடுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. நூலகப்பூனை ஐயா சொன்ன காரணத்துக்காக அல்ல.

பெயரை எடுத்தால் என்ன ஆகும்? எலிகு யேல் என்ற ஒரு கெட்ட மனிதர், எங்கோ மெட்ராஸில், எப்போதோ செய்த பாவம் கழுவப்பட்டுவிட்டது என்று ஆகிவிடும். அந்தப் பல்கலைக்கழகத்தின் அடிமைக் கதை மெட்ராஸில் இல்லை, கனெக்டிகட்டிலேயே இருக்கிறது. தொடங்கிய போதகர்களிலும் ஆரம்பத் தலைவர்களிலும் பலர் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர்கள். வளாகத்தில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது கனெக்டிகட் ஹால், 1750-களின் தொடக்கத்தில் கட்டியது. அதைக் கட்டியவர்களில் அடிமைகள் உண்டு. 1732-ல் அயர்லாந்துத் தத்துவ அறிஞர் பிஷப் பெர்க்லி ரோட் ஐலண்டில் இருந்த தன் பண்ணையைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பண்ணையில் அடிமைகள் வேலை செய்திருந்தார்கள். அதன் வருமானத்தில்தான் சிறந்த மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரி தன் நூலகத்திலிருந்து பெர்க்லியின் பெயரை 2023-ல் எடுத்துவிட்டது. யேலில் பெர்க்லி கல்லூரி என்ற விடுதி இன்றும் இருக்கிறது.

ஒரு பெயரை மட்டும் பிடுங்கினால் மற்ற எல்லாம் அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும். எனக்கு அந்தப் பெயர் வேண்டும், முள் மாதிரி. ஒவ்வொரு தலைமுறையும் அதில் குத்துப்பட்டுக் கேள்வி கேட்கட்டும்.

கெடிலம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் கடலூர்க்காரன். எங்கள் ஊரிலும் யேல் இருக்கிறார்.

1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனிக்கு விலைக்கு வாங்கியது யேலின் ஆட்சியில்தான். புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். எல்லை எவ்வளவு என்று பேச்சு வந்தபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரைக்கும் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடத்துக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. விடிந்ததும் எந்த அரசில் இருக்கிறோம் என்பது ஒரு குண்டு விழுந்த இடத்தைப் பொறுத்து முடிவானது. இன்று கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கோட்டையின் இடிபாடு கொஞ்சம்தான் மிச்சம். புதர் மண்டிக் கிடக்கிறது.

பெயர் இருக்கலாமா கூடாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கோட்டையை வாங்கியவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பது எங்கள் பள்ளிப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. வாத்தியாராக இருக்கும் எனக்கே முப்பது வயதில்தான் தெரிந்தது.

நூலகப்பூனை:

கெடிலம் சார், அருமையான தகவல். ஒன்று சேர்க்கிறேன். 1688-ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவர் பிறந்தது நியூ ஹேவனுக்குப் பக்கத்திலுள்ள கில்ஃபோர்டில். படித்தது ஹார்வர்டில். யேலுக்குப் பின் கவர்னர் ஆனவரும் அவரே. யேலும் பிறந்தது பாஸ்டனில்தான், 1649-ல். சிறுபிள்ளையாகப் போனவர் திரும்பவே இல்லை. அந்தக் கரைக்கும் நம் கரைக்கும் இடையே ஆட்கள் வந்துபோன தடம் நாம் நினைப்பதைவிடப் பழையது.

வேம்படி, நீங்கள் பெயரை முள்ளாக வைத்திருக்கச் சொல்கிறீர்கள். நான் அது ஆறிப்போன பெயர் என்கிறேன். நம் முடிவு ஒன்று, வழி வேறு. யோசிக்கிறேன்.

எல்ம் நகரம்:

நான் நியூ ஹேவனில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் வேலை இல்லை, ஊரில்தான். இங்கேயிருந்து பார்த்தால் இந்த விவாதம் எப்படித் தெரிகிறது என்று சொல்லட்டுமா?

பெயர் மாற்றம் இங்கே புதிய விஷயம் இல்லை. ஜான் கால்ஹூன் அடிமை முறை நல்லது என்றே வாதாடிய தென்மாநில அரசியல்வாதி, யேல் பட்டதாரி. அவர் பெயரில் ஒரு கல்லூரி விடுதி இருந்தது. 2016-ல் பெயரை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அந்தக் கோடையில், பருத்தி சுமக்கும் அடிமைகளை வரைந்த ஒரு கண்ணாடி ஜன்னலைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்த கறுப்பின ஊழியர் ஒருவர் துடைப்பக் கட்டையால் உடைத்தார். தினமும் அதன் கீழே நின்று தட்டுக் கழுவுகிறவர் பார்க்கும் ஜன்னல் அது. 2017 பிப்ரவரியில் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் பெயரை வைத்தார்கள். எனவே கடற்கரைச்சாலை கேட்பது நடக்காத காரியம் இல்லை.

ஆனால் 1831-ஐ யாரும் இங்கே இன்னும் தொடவில்லை. அந்த வருடம் கறுப்பின இளைஞர்களுக்காக நியூ ஹேவனில் ஒரு கல்லூரி தொடங்க ஒரு திட்டம் வந்தது. நாட்டிலேயே முதலாவதாக இருந்திருக்கும். ஊர்க்கூட்டம் போட்டு வாக்கெடுத்தார்கள். எதிராக 700, ஆதரவாக 4. எதிர்ப்பை முன்நின்று நடத்தியவர்களில் யேலின் சட்டப் பேராசிரியரும் இருந்தார். யேல் இருக்கும் ஊரில் அப்படி ஒரு கல்லூரி வந்தால் யேலுக்குக் கேடு என்றுகூட வாதம் வைத்தார்கள். எலிகு செத்து 110 வருடம் கழித்து நடந்தது இது. அவர் பெயரை எடுத்தாலும் இந்த 700 வாக்கு எங்கே போகும்?

மூன்று வருடம் கழித்து ஜேம்ஸ் பென்னிங்டன் வந்தார். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். இறையியல் வகுப்பில் உட்காரலாம், ஆனால் மாணவராகச் சேர்க்க மாட்டோம், பேசக் கூடாது, நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கூடாது என்றார்கள். அவர் உட்கார்ந்தார். 2023-ல்தான், இறந்து 150 வருடத்துக்கு மேலான பிறகு, அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்கு முறையாக மன்னிப்பும் கேட்டது. பென்னிங்டன் பெயரில் இந்த ஊர்ப் பிள்ளைகள் கறுப்பினக் கல்லூரிகளில் படிக்க ஒரு உதவித்தொகையும் ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

இன்றைய கணக்கையும் சொல்கிறேன். யேலிடம் நன்கொடைகளால் சேர்ந்த முதலீட்டு நிதி 4,000 கோடி டாலருக்கு மேல். கல்விக் கட்டடங்களுக்குச் சொத்து வரி கிடையாது. ஊரோ ஏழை ஊர். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021-ல் ஒப்பந்தம் போட்டு, ஆறு வருடத்தில் கூடுதலாக 5.2 கோடி டாலர் ஊருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இந்த ஊரில் பலருக்கு வாசலில் எந்தப் பெயர் தொங்குகிறது என்பதைவிட இதுதான் பெரிது.

கடற்கரைச்சாலை:

எல்ம் நகரம், 1831 எனக்குத் தெரியாது. இரவு முழுக்க, ஆதரவாக வாக்களித்த அந்த நாலு பேரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி.

வேம்படி, உங்கள் முள் வாதம் வலுவானது. என் பதில் இது. முள் யாருக்குக் குத்துகிறது என்று பாருங்கள். அங்கே படிக்கப் போகும் ஒரு கறுப்பினப் பிள்ளைக்கும், இங்கிருந்து போகும் என் அக்கா மகளுக்கும்தான் குத்துகிறது. மற்றவர்களுக்கு அது சட்டையில் அச்சடித்த நாலு எழுத்து. குத்த வேண்டியவரைக் குத்தாத முள்ளை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

வேம்படி:

இந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை, அண்ணா. நேர்மையாகச் சொல்கிறேன். ஆனால் கால்ஹூன் பெயர் போனதும் அந்தப் பேச்சும் போய்விட்டதா என்று எல்ம் நகரத்தைக் கேளுங்கள்.

எல்ம் நகரம்:

முழுக்கப் போகவில்லை. ஆனால் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அது ஹாப்பர் கல்லூரி, அவ்வளவுதான். வேம்படி சொல்வதில் உண்மை இருக்கிறது. அதே சமயம், அந்த விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் பார்த்தவன் நான்.

நூலகப்பூனை:

ஒரு ஓவியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக அதுவே மனதில் ஓடுகிறது.

யேலில் உள்ள பிரிட்டிஷ் கலை மையத்தில் ஒரு பழைய குழு ஓவியம் இருக்கிறது. எலிகு யேலும் அவர் குடும்பத்து ஆண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வலது பக்கம் ஒரு கறுப்பினச் சிறுவன் மது ஊற்ற நிற்கிறான். அவன் கழுத்தில் வெள்ளி வளையம், அதில் பூட்டு. 2020-ல் அதைக் கழற்றிவிட்டு, டைட்டஸ் காஃபர் என்ற ஓவியர் வரைந்த வேறொரு படத்தை அங்கே மாட்டினார்கள். அதில் அந்தப் பெரிய மனிதர்களெல்லாம் கசங்கிய துணியாகச் சுருண்டு கிடப்பார்கள். சிறுவனின் முகம் மட்டும் தங்கச் சட்டத்துக்குள் நேராக நம்மைப் பார்க்கும். கழுத்தில் வளையம் இல்லை. 2022-ல் பழைய ஓவியத்தை, இந்தச் சிறுவனைப் பற்றிய ஆய்வுக் குறிப்போடு, திரும்ப மாட்டினார்கள். அவன் பெயரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

நான் இந்த இழையில் முதலில் எழுதியபோது, பெயர் எலிகுவை விட்டு விலகிவிட்டது என்றேன். அதை இப்போது அப்படியே சொல்ல மாட்டேன். ஆனாலும் பெயர் இருக்க வேண்டும் என்ற முடிவு மாறவில்லை. ஓவியத்துக்குச் செய்ததைப் பெயருக்கும் செய்யலாம் என்று நினைக்கிறேன். மறைக்காமல், பக்கத்தில் நின்றவனைச் சேர்த்துச் சொல்வது. 1718-ல் வந்த ஒன்பது மூட்டையில் இந்தியத் துணிகள் இருந்தன. யார் நெய்தார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

கடற்கரைச்சாலை:

நேற்று மாலை உயர் நீதிமன்றப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஒரு கூர்மையான உயர்ந்த கல்லறை இருக்கிறது. யேல் 1680-ல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் திருமணம் செய்தார். அந்தத் தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அது. மணமகள் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற அவருடைய சகாவின் விதவை. அந்தக் கல்லறையில் இருப்பவர்கள் ஹின்மர்ஸும், சிறு வயதிலேயே இறந்த யேலின் மகன் டேவிட்டும். அதை அங்கிருந்து அகற்றலாமா என்று 2023-ல் நீதிமன்றம் வரை வழக்குப் போனது.

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் என்று நினைத்தபோது என் மனம் இளகியதை மறைக்க மாட்டேன். அந்தப் பிள்ளை இறந்தது 1688-ல். அதற்கு முந்தைய வருடம் இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்களில் எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள்? டேவிட்டுக்கு மூன்று நூற்றாண்டாகக் கல் நிற்கிறது. அவர்களுக்கு ஒரு செங்கல் இல்லை.

வேல்ஸில் ரெக்ஸம் ஊரில் யேலின் சமாதி மேல் ஒரு பாட்டு செதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணம் போய், ஆசியாவில் மணமுடித்தவர் என்று தொடங்குகிறது. நன்மை நிறையச் செய்தார், தீமை கொஞ்சம் செய்தார், கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்று நம்புவோம் என்று போகிறது. அந்தக் கணக்கை 665 பேரிடம் யார் கேட்டார்கள்?

நூலகப்பூனை ஐயா, நீங்கள் மாறியது எனக்கும் ஒரு பாடம். நானும் ஒரு இடத்தில் இறங்கி வருகிறேன். பெயரை எடுத்தால் போதும் என்று தொடங்கினேன். வேம்படியும் எல்ம் நகரமும் சொன்ன பிறகு, போதாது என்று தெரிகிறது. எடுக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

கெடிலம்:

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கோட்டைப் பதிவேடுகள் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு முன் மெட்ராஸ் அரசு அச்சகம் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டும் இருக்கிறது. 1687, 1688 தொகுதிகளை உட்கார்ந்து படித்து, அடிமைகளைப் பற்றி வரும் பத்திகளை மட்டும் தமிழில் போட்டால் என்ன? பள்ளி விடுமுறையில் நான் வருகிறேன். துணைக்கு ஒருவர் வேண்டும், அந்தக் கால ஆங்கிலம் எனக்குக் கடினம்.

வேம்படி:

நான் வருகிறேன், சார். மே முதல் வாரம் எனக்கு வசதி.

கடற்கரைச்சாலை:

நானும் சேர்ந்துகொள்கிறேன். அதற்கு முன் வீட்டுக் குழுவில் சித்தப்பாவுக்கு எழுத ஒரு செய்தி தயார் செய்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"சித்தப்பா, யேலை நிறுவியது எலிகு யேல் இல்லை. 1701-ல் கனெக்டிகட்டில் பத்துப் போதகர்கள் தொடங்கிய பள்ளி அது. 1718-ல் அவர் அனுப்பிய சரக்கை விற்று 562 பவுண்டு கிடைத்ததால் அவர் பெயரை வைத்தார்கள். அவர் மெட்ராஸில் இருந்தபோது, கப்பலுக்குப் பத்துப் பேரை அடிமையாக ஏற்றும் முடிவில் அவருக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளை அங்கே போய் நன்றாகப் படிக்கட்டும். அங்கே ஒரு ஓவியத்தில் பெயர் தெரியாத ஒரு சிறுவன் நிற்கிறான். ஒரு நாள் போய் அவனைப் பார்த்துவிட்டு வரட்டும்."

நூலகப்பூனை:

ஒரே ஒரு திருத்தம், நண்பரே. 'பத்துப் பேரை' என்ற இடத்தில் 'குறைந்தது பத்துப் பேரை' என்று போடுங்கள்.